அவையறிதலும் அவையஞ்சாமையும்: ‘தி நார்மல் ஹார்ட்’ நாடகத்தில் ஒரு தொண்டர் செயலவை

திருக்குறளின் அமைச்சியலில் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. கேட்போர் யார், காலம் எது, எந்தச் சொல் எடுபடும் என்பனவற்றை உணர்ந்து பேசுவது முன்னது. உண்மையென்று அறிந்ததை அவை நடுவே அஞ்சாது உரைப்பது பின்னது. ஒன்றின்றி மற்றொன்று குறைபடும் என்பதனாலேயே வள்ளுவர் இவற்றை அருகருகே வைத்தார் போலும். ஒருவரிடத்தே சேர்ந்து அமைய வேண்டிய இவ்விரு பண்புகளும் பிரிந்து, ஒன்று ஒருவரிடத்தும் மற்றொன்று வேறொருவரிடத்தும் அமைந்துவிட்டால் என்ன நேரும்? அவ்விருவரும் ஒரே செயலவையில் அமர்ந்து, ஒரே மக்களின் உயிரைக் காக்க முற்பட்டால் முடிவு என்னவாகும்? லேரி கிரேமர் எழுதிய ‘தி நார்மல் ஹார்ட்’ என்னும் அமெரிக்க நாடகம் இந்த வினாவைத்தான் மேடையில் நிறுத்துகிறது.

இந்நாடகத்தை எய்ட்ஸ் நோயைப் பற்றிய நாடகம் என்பர். அரசின் பாராமுகத்தைக் கண்டிக்கும் நாடகம் என்பாரும் உளர். இரண்டும் உண்மையே. ஆயினும், ஊதியம் பெறாத தொண்டர்கள் சிலர் ஓர் அமைப்பைத் தொடங்கி, அதன் நிருவாகத்தில் அமர்ந்து, ஒருவரோடு ஒருவர் மோதிப் பிரியும் கதையே அதன் உள்ளீடாகும். அந்தக் கோணத்தில் நோக்கும்போதுதான் இந்நாடகத்தின் உண்மையான துயரம் விளங்கும்.

களமும் காலமும்

1981ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வார அறிக்கையில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரைச் சேர்ந்த ஐந்து இளைஞரைப் பற்றிய செய்தியை வெளியிட்டது. உடல்நலத்தோடு இருந்த அவர்களை அரிய வகை நுரையீரல் அழற்சி தாக்கியிருந்தது. அடுத்த மாதம் 3ஆம் நாள், 41 பேரிடம் அரியதொரு புற்றுநோய் காணப்பட்டதாக ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. அவர்கள் தன்பால் ஈர்ப்புடைய ஆடவர்கள். நோய்க்குப் பெயரும் இல்லை, காரணமும் தெரியவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், நியூயார்க்கில் எழுத்தாளர் லேரி கிரேமரின் இல்லத்தில் ஏறத்தாழ எண்பது பேர் கூடினர். மருத்துவர் ஒருவரின் உரையைக் கேட்டபின் அங்கேயே 6,635 டாலர் திரட்டினர். 1982 ஜனவரியில் கிரேமர் உட்பட அறுவர் சேர்ந்து ‘கே மென்ஸ் ஹெல்த் கிரைசிஸ்’ என்னும் அமைப்பை முறையாக நிறுவினர். தன்பால் ஈர்ப்புடைய ஆடவரின் உடல்நல நெருக்கடி என்பது அப்பெயரின் பொருள். பகலில் தத்தம் அலுவலகங்களில் உழைத்துவிட்டு, மாலையில் தொலைபேசி முன் அமர்ந்து நோயாளருக்கு ஆறுதல் கூறியவர்களே அதன் தொண்டர்கள். பால் பாப்ஹம் அதன் தலைவரானார். 1983இல் கிரேமர் செயலவையிலிருந்து வெளியேறினார்.

இந்த நிகழ்ச்சிகளை அடிப்படையாகக் கொண்டு அவர் படைத்த நாடகம் 1985 ஏப்ரல் 21ஆம் நாள் நியூயார்க் ‘பப்ளிக் தியேட்டர்’ அரங்கில் மேடையேறியது. 2011இல் பிராட்வே அரங்கில் மீண்டும் நடிக்கப்பெற்று, மறு மேடையேற்றத்திற்கான டோனி விருதை வென்றது. 2014இல் தொலைக்காட்சித் திரைப்படமாகவும் வந்தது. ஆடனின் ‘செப்டம்பர் 1, 1939’ என்னும் கவிதையிலிருந்து தலைப்பு எடுக்கப்பட்டது. ‘இயல்பான இதயம்’ என அதனைத் தமிழில் சொல்லலாம்.

முதல் மேடையேற்றத்தின் அரங்க அமைப்பே ஒரு கருத்துரையாக விளங்கியது. வெள்ளை பூசிய பலகைச் சுவர்களில் செய்திகளும் எண்களும் கறுப்பெழுத்தில் தீட்டப்பட்டிருந்தன. நோயாளரின் தொகை உயரும்தோறும் பழைய எண்ணை அடித்து, அதன் கீழ்ப் புதிய எண்ணை எழுதினர். 1982இல் டைலினால் மாத்திரையில் நஞ்சு கலந்து எழுவர் இறந்தபோது, மூன்று மாதத்தில் 54 முறை அதைப் பற்றி எழுதிய ‘நியூயார்க் டைம்ஸ்’, இந்தக் கொள்ளைநோயின் முதல் பத்தொன்பது மாதங்களில் அதைப் பற்றி 7 முறையே எழுதியது என்னும் கணக்கும் அச்சுவரில் இருந்தது. நடிகர் வாய் திறக்கும் முன்பே சுவர் பேசியது.

இரு வேறு மனிதர்

நாடகத்தின் தலைமைப் பாத்திரம் நெட் வீக்ஸ். கிரேமர் தம்மையே பெரிதும் வார்த்த பாத்திரம் இது. நெட் ஓர் எழுத்தாளர், முன்கோபி, எவரையும் எங்கும் இடித்துரைக்கத் தயங்காதவர். போலியோவால் சக்கர நாற்காலியில் வாழும் எம்மா புரூக்னர் என்னும் மருத்துவர், அவருடைய வாயின் வலிமையை அறிந்தே அவரைத் தேடிக் கொள்கிறார்.

அமைப்பு உருவானதும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் நெட் அல்லர், புரூஸ் நைல்ஸ். பால் பாப்ஹமை ஒட்டி அமைந்த பாத்திரம் இது. புரூஸ் முன்னாள் படைவீரர், வங்கியில் உயர்பதவி வகிப்பவர், தோற்றப் பொலிவு மிக்கவர், எல்லாராலும் விரும்பப்படுபவர். ஆனால், தாம் யார் என்பதை அலுவலகத்தில் மறைத்து வாழ்பவர்.

நெட்டிடம் அவையஞ்சாமை உண்டு, அவையறிதல் இல்லை. புரூஸிடம் அவையறிதல் உண்டு, அவையஞ்சாமை இல்லை. நாடகத்தின் ஒவ்வொரு மோதலும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைக்கிறது.

கடித உறை பற்றிய வாதம் இதற்கு நல்ல சான்று. அமைப்பின் மடல்களை அனுப்பும்போது, தன்பால் ஈர்ப்பைக் குறிக்கும் சொல்லை உறையின்மேல் அச்சிடலாமா? அச்சிட வேண்டும் என்கிறார் நெட். கூடாது என்கிறார் புரூஸ். அமைப்பின் பெயரையே வெளியில் காட்ட அஞ்சினால் அவ்வமைப்பு யாருக்காக என்பது முன்னவர் வாதம். அவ்வுறையை அஞ்சற்காரரும் காண்பார், அண்டை வீட்டாரும் காண்பார். பெறுவோரின் வாழ்க்கை என்னாகும் என்பது பின்னவர் வாதம். ஒரு கடித உறையின் சிறிய மூலையில் ஒரு சமூகத்தின் முழு நெருக்கடியையும் அடக்கிக் காட்டிய திறம் பாராட்டுக்குரியது. பெரிய பொருளைச் சிறிய பொருளின்வழி உணர்த்துவது நாடகக் கலையின் அரிய உத்தியாகும்.

அஞ்சுவதும் அஞ்சாமையும்

மேலோட்டமாகப் படிப்போர், நெட் வீரர் என்றும் புரூஸ் கோழை என்றும் தீர்ப்பளித்துவிடக்கூடும். அத்தீர்ப்பு தவறானது. நியூயார்க் நகரில் தன்பால் ஈர்ப்புடையோரைப் பணியிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் நீக்குவதைத் தடுக்கும் நகரச் சட்டம் 1986 மார்ச்சில்தான் நிறைவேறியது. நாடகம் காட்டும் 1981 முதல் 1984 வரையிலான காலத்தில் அப்பாதுகாப்பு இல்லை. உண்மை வெளிப்பட்டால் புரூஸ் தம் வங்கிப் பதவியை இழக்க நேரலாம். மிக்கி மார்கஸ் என்னும் மற்றோர் உறுப்பினர் நகர உடல்நலத் துறையிலேயே பணிபுரிபவர். நகரத் தலைவரை நெட் தாக்கி எழுதும்தோறும் மிக்கியின் வேலை ஆட்டம் காண்கிறது. நெட்டுக்கோ இழப்பதற்கு அலுவலகம் இல்லை. அவர் தம் எழுத்தையே நம்பி வாழ்பவர்.

ஆகவே, ஒரே செயலவையில் அமர்ந்திருப்பினும் அஞ்சாமைக்கு அவர்கள் கொடுக்க வேண்டிய விலை ஒன்றாக இல்லை. ஒருவருக்கு அது ஒரு கட்டுரை, மற்றொருவருக்கு வாழ்வாதாரம். நெட் இதனை முழுமையாக உணர்வதில்லை. ஆனால், நெட்டைப் படைத்த கிரேமர் உணர்ந்திருக்கிறார். நாடகத்தின் பெருமை இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. புரூஸின் அவையறிவு படித்துப் பெற்றதன்று. எங்கே எதைச் சொல்லலாம், யாரிடம் எதை மறைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் அளந்து வாழ நேர்ந்தவர் அவர். மறைந்து வாழ்வோருக்கு அவையறிதல் ஒரு நயமன்று, உயிர்ப்பாதுகாப்பு. அதே திறம் பொதுப்பணியில் தலைமையாக மாறும்போது, அமைப்புக்கு நன்மதிப்பைத் தேடித் தருகிறது. அதே வேளையில் அமைப்பின் குரலையும் தாழ்த்திவிடுகிறது.

எதிர்த்தரப்பின் நியாயம்

செயலவையைப் பிளக்கும் இரண்டாவது வாதம் இன்னும் கடுமையானது. நோய் உடலுறவால் பரவுகிறது என்று ஐயுறும் எம்மா, ஆடவர்கள் உடலுறவைத் தவிர்க்க வேண்டும் என்று வெளிப்படையாக அறிவிக்குமாறு நெட்டை வற்புறுத்துகிறார். நெட் அதனைச் செயலவையில் வைக்கிறார். உறுப்பினர்கள் மறுக்கின்றனர். நோய்க்குக் காரணமான நுண்ணுயிர் 1983இல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முன் அறிவியல் உறுதி செய்யாத ஒன்றை அமைப்பின் பெயரால் எப்படி அறிவிப்பது? 1969இல் ஸ்டோன்வால் எழுச்சியோடு வலுப்பெற்ற விடுதலை இயக்கத்தில் தம் இளமையைச் செலவிட்டவர்கள் அவர்கள். விரும்பியவரை அஞ்சாமல் நேசிக்கும் உரிமைக்காகப் போராடியவர்களிடம், நேசிப்பதை நிறுத்துங்கள் என்று சொல்வது எளிதா?

பின்னாளில் எம்மாவின் எச்சரிக்கையே சரியென்று தெளிவாயிற்று. ஆயினும் அன்று மறுத்தவர்கள் மூடர்கள் அல்லர். பணியாலும் அச்சத்தாலும் நொறுங்கிய மிக்கி, எதை நம்புவது என்றே தெரியாமல் கதறும் காட்சி நாடகத்தின் உருக்கமான இடங்களுள் ஒன்று. தம்மை எதிர்த்தவருக்கு அத்தகைய காட்சியை அளிக்கும் நாடகாசிரியர் மிகச் சிலரே.

புரூஸுக்கு அளித்திருப்பதோ அதனினும் பெரியது. தம் அன்புக்குரிய ஆல்பர்ட்டின் இறுதி நாளை அவர் இரண்டாம் அங்கத்தில் விவரிக்கிறார். தாயைக் காண விரும்பிய ஆல்பர்ட்டை விமானத்தில் அழைத்துச் செல்கிறார். வழியெல்லாம் அச்சமும் அருவருப்பும் அவர்களைச் சூழ்கின்றன. ஆல்பர்ட் இறந்தபின் மருத்துவமனை அவ்வுடலை மனித உடலாகவே நடத்தவில்லை. குப்பைப் பையில் இட்டு ஒதுக்குகிறது. இதனைப் புரூஸ் ஆர்ப்பாட்டமின்றி, அடங்கிய குரலில் சொல்கிறார். நெட்டின் உரத்த உரைகள் அனைத்தையும் விட இந்தத் தாழ்ந்த குரல் அவையோரை அதிகம் உலுக்குகிறது. அஞ்சியவர் என்று கருதப்பட்டவர் எவ்வளவு தாங்கினார் என்பது அப்போதுதான் புலனாகிறது.

இந்த இடத்தில் இப்சனின் ‘மக்கள் பகைவன்’ நாடகத்தை ஒப்புநோக்கலாம். 1882இல் வெளிவந்த அந்நாடகத்தில், நீராடுமிடத்து நீர் நஞ்சேறியது என்னும் உண்மையைச் சொல்லும் மருத்துவர் ஸ்டாக்மனை ஊரே பகைக்கிறது. அங்கே உண்மை ஒருபுறம்; தன்னலம் மறுபுறம். ஸ்டாக்மனை எதிர்ப்போருக்கு ஆசிரியர் பெரும்பாலும் இரக்கம் காட்டவில்லை. கிரேமரின் நாடகத்தில் எதிர்ப்போரும் அதே நோய்க்கு இரையாகக்கூடியவர்கள். அதே மக்களுக்காக உறக்கம் துறந்தவர்கள். பகைவர் யாரும் இல்லாத அறையில் நிகழும் பகை அது. அதனால்தான் அதன் துயரம் ஆழமானது.

வெளியேற்றும் கடிதம்

நகரத் தலைவரைக் காணும் வாய்ப்புக்காகச் செயலவையினர் நீண்ட காலம் முயல்கின்றனர். தலைவரின் உதவியாளரை மட்டுமே காண முடிகிறது. நெடுநேரம் காக்க வைத்தபின் வரும் அவரிடம் நெட் சீறுகிறார். பொறுமையோடு கட்டிய பாலம் ஒரு நொடியில் ஆடுகிறது. இத்தகைய நிகழ்ச்சிகள் பெருகப் பெருக, செயலவை ஒரு முடிவுக்கு வருகிறது. நெட்டை நீக்கும் கடிதத்தைப் புரூஸ் அவர் எதிரிலேயே படிக்கிறார்.

இக்காட்சியின் அமைப்பை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கடிதம் கொடியவர்களால் எழுதப்பட்டதன்று. நெட்டின் கடுஞ்சொல்லும் தன்னிச்சைப் போக்கும் அமைப்புக்கு ஊறு செய்கின்றன என்னும் அதன் குற்றச்சாட்டுக்கு நாடகத்திலேயே போதிய சான்றுகள் உள்ளன. படிப்பவரோ அவரை வெறுப்பவர் அல்லர். நெட்டின் மறுமொழி தற்காப்பாக அமையவில்லை. இலக்கியத்திலும் இசையிலும் அறிவியலிலும் தன்பால் ஈர்ப்புடையோர் உலகுக்கு அளித்த செல்வத்தை அவர் பட்டியலிடுகிறார். இரண்டாம் உலகப்போரில் பகைவரின் மறைமொழியை உடைத்த ஆலன் டூரிங்கை நினைவூட்டுகிறார். தங்களை உடலின்பத்தால் மட்டும் அடையாளம் காண்போராக அன்றி, ஒரு பண்பாட்டின் வாரிசுகளாகக் காணுமாறு வேண்டுகிறார். தம் பதவிக்காக மன்றாடாமல் தம் மக்களின் மதிப்புக்காக அவர் மன்றாடுவதால், தோற்ற வேளையிலேயே அவர் பாத்திரம் உயர்ந்து நிற்கிறது.

குறைகள்

நாடகம் குறையற்றது என்று கூற இயலாது. எம்மாவும் நெட்டும் பேசும் சில நீண்ட உரைகள் உரையாடலாக இல்லை, துண்டறிக்கைகளாக ஒலிக்கின்றன. புள்ளிவிவரங்கள் பாத்திரத்தின் வாயில் திணிக்கப்பட்டாற்போல் தோன்றும் இடங்களும் உண்டு. மேடையில் தோன்றும் பெண் எம்மா ஒருவரே. நோயாளரைப் பேணுவதில் பெண்கள் ஆற்றிய பெரும்பணிக்கு இங்கே இடமில்லை. தாம் பங்கு கொண்ட பூசலைத் தாமே நாடகமாக்கியவர், தம் பக்கமே இறுதிச் சொல்லை வைத்துக்கொண்டார் என்று குறை கூறுவோருக்கும் ஓரளவு நியாயம் உண்டு. நெட்டின் காதலர் ஃபீலிக்ஸ் மரணப் படுக்கையில் கிடக்க, எம்மா முன்னிலையில் நிகழும் திருமணமும், தயங்கி நின்ற அண்ணன் பென் தம்பியைத் தழுவிக்கொள்வதும் நெஞ்சை உருக்குவனவே. ஆயினும் செயலவையின் சிக்கலை அவை தீர்க்கவில்லை. தனிமனிதத் துயரத்தால் மூடிவிடுகின்றன.

எனினும், துண்டறிக்கைத் தன்மையை முற்றும் குறையென ஒதுக்குவதும் பொருந்தாது. நாடகம் மேடையேறியபோது நோயாளரின் தொகை ஏறிக்கொண்டிருந்தது. நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இல்லை. எண்ணைச் சொல்வதே அன்று உயிர்காக்கும் செயலாக இருந்தது. காலம் கடந்து வாழும் கலையைப் படைப்பதைவிடக் காலத்தே சென்று சேரும் சொல்லைப் படைப்பதையே ஆசிரியர் முதற்கடமையாகக் கொண்டார். வியப்பு என்னவெனில், அந்நாடகம் காலத்தையும் கடந்துவிட்டது.

வரலாறு தந்த விடை

இருவருள் யார் சரி? நாடகம் விடை கூறவில்லை. வரலாறு ஒரு விடையைத் தந்துள்ளது. கிரேமர் விலகிய பின்னும் அமைப்பு வளர்ந்தது. 1983 ஏப்ரல் 30ஆம் நாள் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கு முழுவதும் நிரம்ப, நிதி திரட்டும் சர்க்கஸ் காட்சியை அது நடத்திக் காட்டியது. நோயாளரின் வீடு தேடிச் சென்று துணையிருக்கும் தொண்டர் படையை அது பெருக்கியது. அவ்வமைப்பு இன்றும் நியூயார்க்கில் இயங்கி வருகிறது. அடங்கிய குரலில், பொறுமையோடு, பலரை அணைத்துச் சென்றவர்களின் பணி அது. பால் பாப்ஹம் 1987இல் அதே நோய்க்கு இரையானார்.

அதே 1987 மார்ச்சில் கிரேமர் ஆற்றிய உரையொன்றைத் தொடர்ந்து ‘ஆக்ட் அப்’ என்னும் போராட்ட இயக்கம் பிறந்தது. அது தெருவில் இறங்கியது. அதிகாரிகளின் வாயிலை மறித்தது. புதிய மருந்துகளை விரைந்து ஆய்ந்து வழங்குமாறு அரசை நெருக்கியது. உரத்த குரலின் பணி அது. 1996 அளவில் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியபோது உயிர் பிழைத்தோர், இவ்விரு குரல்களுக்கும் கடன்பட்டவர்களே. நோய்க்கிருமி தம் உடலிலும் இருப்பதை அறிந்த பின்னும் பல்லாண்டு வாழ்ந்த கிரேமர், 2020 மே 27ஆம் நாள் 84ஆம் வயதில் மறைந்தார்.

தன்பால் ஈர்ப்பு என்னும் பொருள் தமிழ் வகுப்பறைகளில் எளிதாகப் பேசப்படுவதில்லை. அதனால் இந்நாடகத்தை, எந்தச் சங்கத்துக்கும் பொருந்தும் பொதுக்கதையாக மட்டும் கற்பித்துவிடத் தோன்றலாம். அது கடித உறையின்மேல் இருந்த சொல்லை மீண்டும் அழிப்பதற்கு ஒப்பாகும். அம்மனிதர்கள் யாராக இருந்தார்களோ, அதனாலேயே அவர்களின் சாவு எண்ணப்படாமல் போயிற்று. அதனாலேயே அவர்களின் செயலவை அச்சத்தால் பிளவுபட்டது. அதை விலக்கிவிட்டால் நாடகத்தின் காரண காரியத் தொடர்பே அறுந்துபோகும்.

அதே வேளையில், பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ வேறு பொதுமன்றத்திலோ ஊதியமின்றி அமர்ந்து பணியாற்றிய எவரும் இந்நாடகத்தில் தமக்குத் தெரிந்த முகங்களைக் காண்பர். உரக்கப் பேசுவோரை வெளியேற்றிவிட்டால் கூட்டம் அமைதியாக நடக்கும். ஆனால், சொல்ல வேண்டியது சொல்லப்படாமல் போகும். மெல்லப் பேசுவோரைக் கோழையென ஒதுக்கிவிட்டால் கொள்கை தூய்மையாக இருக்கும். ஆனால், மறுநாள் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. வள்ளுவர் அடுத்தடுத்து வைத்த இரண்டு அதிகாரங்களையும் பிரித்தெடுத்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, அப்பிரிவின் விலை எத்தனை உயிர் என்று கணக்கிட்டுக் காட்டுகிறது ‘தி நார்மல் ஹார்ட்’. அக்கணக்கு அரங்கின் சுவரில் எழுதப்பட்டிருந்தது என்பதை அதனைக் கற்போர் மறத்தல் ஆகாது.